மருந்து, நாகம், இரும்பு: உடலுக்குள் உலோகங்கள் குறித்து

1

சென்ற ஆண்டு அத்தை சில பொட்டலங்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பழைய பேப்பரில் மடித்த வெளிறிய பொடி. மூல நோய்க்கென்று யாரோ சொல்லி எங்கோ ஒருவரிடம் வாங்கியது. கூட வந்த துண்டுச்சீட்டில் பேனாவால் எழுதிய ஒரே ஒரு சொல்: ‘நாகம்’. எவ்வளவு, எதில் குழைத்து, எத்தனை நாள் என்பதெல்லாம் வாய்மொழியோடு சரி. “நீ தமிழ் எம்.ஏ. படிச்சவனாச்சே, இது என்னான்னு பாத்துச் சொல்லுடா” என்றார்.

அன்று மாலை வழக்கமாக வரும் நண்பர்கள் இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் சித்தர் மரபில் ஈடுபாடு கொண்டவர். “உலோகத்தையே மருந்தாக்கினவங்க நம்ம ஆளுங்க. இதுக்கு வெள்ளைக்காரன்கிட்ட சர்டிபிகேட் வாங்கணுமா?” என்றார். மற்றவர் பகுத்தறிவுக்காரர். “உலோகம் உடம்புக்குள்ள போனா விஷம்தான். எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடுங்க” என்றார். விவாதம் இரவு பத்து மணிவரை போனது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று மட்டும் உறைத்தது. இருவரும் எதிரெதிர் அணியில் நின்றாலும் இருவருக்கும் ஒரே நம்பிக்கை: உலோகத்துக்கு நிலையான ஒரு குணம், ஒரு சாரம் உண்டு. ஒருவருக்கு அது அமுதம், மற்றவருக்கு நஞ்சு. எந்த உலோகம், எந்த வடிவில், உடம்பில் எந்த இடத்தில், யார் உடம்பில் என்ற கேள்விகளை இருவருமே கேட்கவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

மருந்து, நஞ்சு என்ற எதிர்வைப் பற்றிப் பேசும்போது தெரிதாவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பிளாட்டோவின் பிரதியில் வரும் ‘ஃபார்மகான்’ என்ற கிரேக்கச் சொல் மருந்தையும் நஞ்சையும் ஒருங்கே குறிப்பதை அவர் 1968இல் விரிவாக எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. ‘காய்ச்சலுக்கு மருந்து குடிச்சான்’ என்றால் ஒரு பொருள். ‘கடன் தாங்காம மருந்தைக் குடிச்சிட்டான்’ என்றால் வேறு பொருள். பூச்சிமருந்து, வெடிமருந்து, கணவனை மயக்க வைக்கும் இடுமருந்து எல்லாம் நம் பேச்சில் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. சொல்லுக்குள் இருக்கும் இந்த இரட்டைத்தன்மை பொருளுக்குள்ளும் இருக்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது.

2

முதலில் பகுத்தறிவு நண்பரின் வாதம். உலோகம் என்றதும் நமக்குப் பளபளப்பும் கனமும் தட்டினால் எழும் ஓசையும்தான் நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் ‘பொன்’ என்பது தங்கத்தை மட்டுமன்றிப் பொதுவாக உலோகத்தையும் குறித்தது. இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை வைத்துச் செய்த வகைப்பாடு அது. உடம்புக்குள் இருக்கும் உலோகம் இந்த வகைப்பாட்டுக்குள் வராது. ஏனென்றால் அங்கே உலோகம் கட்டியாகவோ தகடாகவோ இல்லை. எலக்ட்ரான்களை இழந்த தனித்தனி அணுக்களாக, அயனிகளாக இருக்கிறது. குழம்பில் போடும் உப்பில் சோடியம் என்ற உலோகம் இருக்கிறது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பில் கால்சியம் என்ற உலோகம் இருக்கிறது. தூய சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பற்றும். அதே சோடியம் அயனியாகி நரம்பு வழியே செய்தி போக உதவுகிறது. உலோகம் உள்ளே போனாலே விஷம் என்றால் சோற்றில் கைவைக்க முடியாது.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் கால்சியம் ஏறத்தாழ 1 கிலோ. பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும். இரும்பு 3 முதல் 4 கிராம், அதாவது ஒரு சின்ன ஆணி செய்யலாம். துத்தநாகம் 2 கிராம் அளவில். செம்பு 0.1 கிராம். கோபால்ட் ஓரிரு மில்லிகிராம்தான். ஆனால் அந்த ஓரிரு மில்லிகிராமில் குறை வந்தால் ரத்தம் சோகையாகும், நரம்பு கெடும். எடைக்கும் முக்கியத்துவத்துக்கும் இங்கே தொடர்பில்லை.

இனி இடத்தைப் பற்றி. நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்நோக்கி அமைந்த ஒரு வளையத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு உலோக அணு உட்காரத் தக்க காலியிடம். அங்கே மக்னீசியம் உட்கார்ந்தால் அது இலையின் பச்சையம். வெயிலை வாங்கி உணவாக்கும் வேலை. ஏறக்குறைய அதே வளையத்தில் இரும்பு உட்கார்ந்தால் அது ‘ஹீம்’. ரத்தத்தின் சிவப்பு, உயிர்வளியைச் சுமக்கும் வேலை. வளையத்தைச் சற்று மாற்றிக் கோபால்ட்டை உட்காரவைத்தால் வைட்டமின் பி12. இந்த பி12இன் அமைப்பை எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு 1956இல் தீர்மானித்தவர் டோரதி ஹாட்ஜ்கின். 1964இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலையும் ரத்தமும் ஒரே அச்சில் வார்த்த இரு சொற்கள்போல இருக்கின்றன. நடுவில் ஓர் எழுத்து மாறுகிறது, பொருள் மாறிவிடுகிறது.

நம்மூர்க் கடற்கரையில் நடப்பவர்கள் அலைக்குள் நிற்கும் துருப்பிடித்த இரும்புத் தூண்களைப் பார்த்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1866இல் கட்டி, 1952 புயலில் சிதைந்துபோன கப்பல் துறைப் பாலத்தின் மிச்சம் அவை. இரும்பும் உயிர்வளியும் உப்புநீரில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு அவையே சாட்சி. நம் ரத்தமும் உப்புநீர்தான். அதிலும் இரும்பும் உயிர்வளியும் ஒவ்வொரு மூச்சிலும் சந்திக்கின்றன. ஏன் துருப்பிடிப்பதில்லை? ஹீமோகுளோபின் என்ற புரதம் தன் மடிப்புக்குள் ஒரு பள்ளத்தில் ஹீமை வைத்திருக்கிறது. ஒரு ஹிஸ்டிடின் இரும்பைப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறது. இரும்பு முன்பக்கத்தால் உயிர்வளியைப் பற்றி, திசுவுக்குப் போனதும் விட்டுவிடுகிறது. துரு என்பது பற்றியதை விடாத உறவு. ரத்தம் பற்றிப்பின் விடும் உறவு. இரும்பு ஒன்றுதான், அண்டை அயலார் வேறு.

உயிர்வளியைச் சுமக்க இரும்புதான் வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. பெரிய மார்க்கெட்டில் நண்டையோ கணவாயையோ கழுவி வெட்டும்போது கவனித்தால் ஆட்டை அறுக்கும்போது வருவதுபோல் சிவப்பாக எதுவும் ஓடாது. அவற்றின் ரத்தத்தில் இந்த வேலையைச் செய்வது செம்பு. உயிர்வளி சேர்ந்தால் அந்த ரத்தம் வெளிர்நீலம், நீங்கினால் நிறமற்றது. ‘ரத்தம்னா சிவப்புதான்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் கடலோர ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்லக்கூடாது.

3

இந்த இடத்தில் அமைப்பியல் படித்தவர்களுக்கு ஓர் உற்சாகம் வரும். எனக்கும் வந்தது. சொல்லுக்குத் தன்னளவில் பொருளில்லை, பிற சொற்களோடு கொண்ட உறவிலிருந்தே மதிப்பு பிறக்கிறது என்றார் சசூர். சதுரங்கக் குதிரை மரமா தந்தமா என்பது முக்கியமில்லை, ஆட்டத்தில் அதன் இடம்தான் முக்கியம் என்பது அவர் தந்த உவமை. உலோகமும் அப்படித்தானே, எல்லாம் இடம்தானே என்று எழுதிவிட்டுக் கட்டுரையை முடித்திருக்கலாம். முடித்திருந்தால் பிழையாகியிருக்கும்.

காரணம், உலோகங்கள் சதுரங்கக் காய்கள் அல்ல. அவற்றுக்கு விருப்பு வெறுப்பு உண்டு. கால்சியம் ஆக்சிஜனை நாடும். இரும்பு நைட்ரஜனோடும் ஆக்சிஜனோடும் கந்தகத்தோடும் ஒத்துப்போகும். பாதரசமும் ஈயமும் கந்தகத்தைக் கண்டால் விடாது. இந்த நாட்டங்களை எந்த மொழிச் சமூகமும் கூடித் தீர்மானிக்கவில்லை. நன்னூல் வழியில் சொன்னால், சசூரின் குறி இடுகுறி. உடம்புக்குள் உலோகம் காரணக்குறி. இடம் பொருளைத் தருகிறது என்பது பாதி உண்மை. அந்த இடத்தில் யார் உட்கார முடியும் என்பதைப் பருப்பொருள் முடிவு செய்கிறது என்பது மறுபாதி. எல்லாமே பிரதி, எல்லாமே வாசிப்பு என்று சொல்லிப் பழகிய நம் போன்றவர்கள் இந்த மறுபாதியைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

4

இனிச் சித்த மருத்துவ நண்பரின் வாதம். அதில் சாரமில்லை என்று நான் சொல்லமாட்டேன். சித்த மருத்துவத்தில் பாதரசம் சிவனின் விந்து, கந்தகம் சக்தியின் நாதம். ஓடித்திரியும் ரசத்தைக் கந்தகம் கட்டும். இரண்டும் சேர்ந்த இயற்கைத் தாதுவுக்குப் பெயரே லிங்கம், சாதிலிங்கம். இதைப் புராணம் என்று ஒதுக்கலாம். ஆனால் கந்தகம் உள்ள ஒரு வகைச் சேர்மங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க் வேதியியலாளர் ஸெய்ஸ் வைத்த பெயர் ‘மெர்காப்டன்’. லத்தீனில் அதற்குப் பாதரசத்தைப் பிடிப்பது என்று பொருள். இரு மரபுகளும் ஒரே நாட்டத்தைத்தான் கண்டுபிடித்துத் தங்கள் தங்கள் மொழியில் பெயர் வைத்திருக்கின்றன.

நண்பர் இதோடு நிறுத்திக்கொள்கிறார். நாம் இன்னும் ஓரடி போகவேண்டும். நம் உடம்பிலும் கந்தகம் இருக்கிறது; புரதங்களில், நொதிகளில், அதுவும் வேலை நடக்கும் முக்கியமான இடங்களில். உலைக்களத்தில் ரசத்தைக் கட்டிய அதே உறவு மூளையில் நடந்தால் கட்டப்படுவது நாம்தான். கந்தகத்தோடு முழுமையாகச் சேர்ந்த பாதரசம் நீரில் ஏறக்குறையக் கரையாதது, ஆகவே உடம்பில் மிகக் குறைவாகவே சேரும் என்பது உண்மை. சுத்தியும் புடமும் ஒழுங்காக நடந்ததா, கட்டுப்படாத ரசம் மிச்சமிருக்கிறதா என்பது சோதித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். முன்னோர் பெருமை அந்தச் சோதனைக்கு மாற்றாகாது.

ஒரே பாதரசம் வடிவத்துக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. காய்ச்சல்மானி உடைந்து ஒரு துளி ரசத்தை விழுங்கிவிட்டால் அதில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். அதே ரசம் ஆவியாகி மூச்சில் போனால் நுரையீரல் வழியே ரத்தத்துக்கும் மூளைக்கும் போகும். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்ந்து வந்து கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய காய்ச்சல்மானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையில் கிடப்பது வெளிச்சத்துக்கு வந்ததும் 2001 மார்ச்சில் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் தங்களுக்கு வந்த நோய்களைச் சொன்னார்கள். இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் வேலையால் வந்த பாதிப்பு எதுவும் நிரூபணமாகவில்லை என்றது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. மூன்றாவது வடிவம் மெத்தில் பாதரசம். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து மனிதருக்கும் போனது அது. 1956இல் அங்கு நோய் அடையாளம் காணப்பட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்கிறோம். பழமொழி அளவைப் பற்றி மட்டும் பேசுகிறது. வடிவத்தையும் வாசலையும் பற்றிப் பேசவில்லை.

5

இப்போது அத்தையின் பொட்டலத்துக்கு வருவோம். ‘நாகம்’ என்றால் என்ன?

தமிழ்ச் சித்த மருத்துவ வழக்கில் நாகம் என்பது துத்தநாகம். நாகபற்பம் மூலத்துக்கும் கழிச்சலுக்கும் கொடுக்கப்படுவது. ஆயுர்வேதத்தில், சமஸ்கிருத வழக்கில், ‘நாக’ என்பது ஈயம். நாக பஸ்மம் என்றால் ஈய பஸ்மம். இரண்டு மரபு மருந்துகளும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே கடையில் விற்கும் ஊரில் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு என்ன முடிவு செய்வது? மொழிபெயர்ப்பு வகுப்பில் இதைப் ‘போலி நட்புச் சொல்’ என்று சிரித்துக் கடந்துவிடலாம். வாய்க்குள் போகும்போது சிரிக்க முடியாது.

துத்தநாகம் நமக்கு வேண்டிய உலோகம். நுரையீரலில் கரியமில வாயு வெளியேற உதவும் நொதியில் துத்தநாகம் இருப்பதை 1940இல் கெய்லினும் மானும் கண்டார்கள். பின்னர் அது தேவைப்படும் நொதிகளின் எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. மனிதர்க்கு இது குறைபட முடியும் என்பதே 1960கள்வரை மருத்துவ உலகம் ஏற்காத ஒன்று. ஈரானின் ஷிராஸில் வளர்ச்சி குன்றி, பருவமெய்தாமல் இருந்த இளைஞர்களைப் பார்த்துப் பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் 1961இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் அது தொடங்கியது. அவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் ரொட்டி. அதிலிருந்த ஃபைட்டேட் துத்தநாகத்தைக் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொண்டது. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் சொன்னபோது, கழிச்சலுக்கு நாகம் என்ற பழைய வழக்கு என் நினைவுக்கு வந்தது. தற்செயலா, அனுபவ அறிவா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

ஈயத்துக்கு உடம்பில் எந்த வேலையும் இல்லை. ஆனால் மற்றவர் நாற்காலியில் உட்காரத் தெரியும். ஹீம் வளையத்தை உடம்பு பல படிகளில் கட்டுகிறது. அதன் இரண்டாவது படியில் வேலை செய்யும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். அந்தத் துத்தநாகத்தைச் சூழ்ந்து பிடித்திருப்பவை கந்தக அணுக்கள். ஈயம் வந்தால் அதே இடத்தில் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அதைவிட இறுக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. நொதி நின்றுவிடும். வளையம் கட்டுவது தடைபடும். கடைசிப் படியில் வளையத்துக்குள் இரும்பை வைக்கும் நொதியையும் ஈயம் கெடுக்கிறது. விளைவு, சோகை.

அதாவது சமஸ்கிருத நாகம் தமிழ் நாகத்தை அதன் இருக்கையிலிருந்து விரட்டுகிறது. இதை நான் மொழி அரசியலுக்கான உருவகமாகச் சொல்லவில்லை. நேரடியான பொருளில் ஒரு நொதிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். துண்டுச்சீட்டில் இருந்த ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் உடம்புக்குள் ஒரே இடத்துக்குச் சண்டையிடுகின்றன.

6

இப்படி ஈயத்தால் சோகை வந்த ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முகம் வெளுத்திருக்கிறது. ‘இரும்புச்சத்து கம்மி’ என்று மாத்திரை கொடுப்பார்கள். அவள் உடம்பில் இரும்பு குறைவாக இல்லாமலும் இருக்கலாம். உட்கார வளையம் இல்லாததுதான் பிரச்சினையாக இருக்கும். இரும்பு கொடுத்துத் தீராத சோகை உண்டென்பது புதிய செய்தி அல்ல. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் பம்பாயிலும், 1929இல் குன்னூரிலும், 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் இருந்த ஏதோ ஒன்று அதைக் குணப்படுத்துவதைக் கண்டார். அது ஃபோலிக் அமிலம் என்பது பிறகு தெரிந்தது.

இந்திய அரசு 1970 முதல் இரும்பு மாத்திரை கொடுத்துவருகிறது. கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு மாத்திரை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதம் பேருக்குச் சோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 53 சதம். மாத்திரை வேண்டாம் என்பதல்ல என் வாதம். இரும்பு குறைந்த உடம்புக்கு அது உயிர் காப்பது. ஆனால் ‘சத்து’ என்ற சொல்லாடல் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். பெண் உடலை ஒரு காலிப் பாத்திரமாக்கி, அதில் ஊற்றினால் நிறையும் என்கிறது. பாத்திரம் ஏன் காலியானது என்று கேட்பதில்லை. கடைசியில் சாப்பிடுகிறவள் யார், கறியும் மீனும் யார் தட்டில் விழுகின்றன, செருப்பில்லாமல் வயலில் இறங்கிக் கொக்கிப்புழுவுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் யார், அடுத்தடுத்த பேறுகளை முடிவு செய்பவர் யார் என்பதெல்லாம் மாத்திரை அட்டையில் இல்லை.

மாத்திரை போடுகிறவளுக்கும் எதுவும் சொல்லப்படுவதில்லை. மலம் கறுக்கும், அது சேராத இரும்பு, பயப்படவேண்டாம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லாததால் பயந்து ஜன்னல் வழியே எறிந்தவர்களை எனக்குத் தெரியும். டீயோடும் காப்பியோடும் போட்டால் இரும்பு சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும் என்பதும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அம்மா பல மாதம் காலைக் காப்பியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தார். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் கொஞ்சம் இரும்பு சோற்றோடு வரும் என்பதை அறிந்திருந்த வீடுகள் அலுமினியத்துக்கும் நான்ஸ்டிக்குக்கும் மாறிய கதை தனி.

இன்னொன்று. உள்ளே வந்த இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. ரத்தம் போனால் போகும், செல்கள் உதிர்ந்தால் கொஞ்சம் போகும். ஆகவே உடம்பு வாசலில்தான் காவல் வைத்திருக்கிறது. கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும் என்பதால் காய்ச்சல் வந்தால் உடம்பு இரும்பை ஒளித்துவைக்கிறது. சான்சிபாரின் பெம்பா தீவில், மலேரியா மிகுந்த பகுதியில், சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வில் நோய் முற்றுவதும் இறப்பும் கூடியது 2006இல் வெளியானது. தலசீமியா உள்ளவர்களுக்கு இரும்பு சேர்வதே நோய். 2021இல் அறிவிக்கப்பட்ட செறிவூட்டிய ரேஷன் அரிசி பற்றிய கவலையும் இதுதான். எல்லா உடம்பையும் ஒரே உடம்பாகப் பார்க்கும் எந்தத் திட்டமும், நண்பர்கள் இருவரைப் போலவே, சாரத்தை நம்புகிறது.

7

அத்தையின் பொட்டலத்தை என்ன செய்தோம்? வாங்கிய ஆளைத் தேடினோம், கிடைக்கவில்லை. பொடியை வைத்துக்கொண்டு எங்களால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை. வெள்ளையாக இருப்பதாலேயே அது துத்தநாகம் ஆகிவிடாது. ஈயச் சேர்மங்களிலும் வெள்ளை உண்டு. அத்தை ஏற்கெனவே இரண்டு பொட்டலம் சாப்பிட்டிருந்தார். மூலத்துக்கு வேறு வைத்தியம் பார்த்தோம். ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னேன். “ரெண்டு பொட்டலத்துக்கா?” என்று அவர் மறுத்துவிட்டார். அவர் சாப்பிட்டது எந்த நாகம் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தனிப்பட்ட கதை என்று இதை விட்டுவிட முடியாது. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது தெரியவந்ததும் பெரிய சத்தம் எழுந்தது. அடுத்து, ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு 2006 ஜனவரி முதல் உலோகச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. அத்தை வெளிநாட்டில் இல்லையே! நஞ்சுப் பட்டியலில் உள்ள சரக்கு சேர்ந்த மருந்தானால் ‘மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்’ என்ற எச்சரிக்கை டப்பாவில் இருக்கவேண்டும் என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஒன்று, 161ஆம் விதி, சொல்கிறது. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். சித்த மருத்துவம் முழுக்க முழுக்கத் தமிழில் எழுதப்பட்டது. அதைச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் மட்டும் படிப்பவர்கள். எச்சரிக்கை மட்டும் தமிழில் வேண்டியதில்லை. வைத்தியர் தம் நோயாளிக்கென்று தாமே செய்து கொடுக்கும் மருந்தென்றால் உரிமமும் தேவையில்லை.

சித்தர் பெருமை பேசுகிறவர்களும் தமிழ்ப் பற்றுப் பேசுகிறவர்களும் சேர்ந்து கேட்கவேண்டிய எளிய கோரிக்கை இது: என்ன உலோகம், எந்த வடிவில், ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதைப் பொட்டலத்தின்மேல் தமிழில் எழுதுங்கள். நாகம் என்று எழுதினால் பக்கத்தில் துத்தநாகமா ஈயமா என்றும் எழுதுங்கள். சோதித்த தேதியைப் போடுங்கள். மரபு உண்மையென்றால் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. ஓலைச்சுவடியில் ஒரு பாடபேதம் இருந்தால் பிரெஞ்சு நிறுவனத்து வாசிப்பறையில் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒப்புநோக்குகிறோம். வாய்க்குள் போகும் சொல்லுக்கு அந்த அக்கறையில் பாதியாவது வேண்டாமா?

மிச்சப் பொட்டலங்கள் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. குப்பையில் போடலாமென்றால், அது ஈயமாக இருந்தால் மண்ணுக்குப் போகும், மண்ணிலிருந்து தண்ணீருக்குப் போகும். போன வாரம் அத்தை வந்தபோது கேட்டார்: “அது என்னான்னு கண்டுபுடிச்சியாடா?” இன்னும் இல்லை என்றேன்.